ஒன்பது லிட்டர் கணக்கு

இந்த மாத அறிவியல் பக்கத்துக்குச் சீரண மண்டலம் என்று சொல்லிவிட்டார்கள். சீரண மண்டலம்னா நம்ம பசங்க தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க: வாய், தொண்டை, உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல், மலவாய். அஞ்சு மார்க் கிடைச்சிடும். ஆனால் அந்த வரிசையில் தண்ணீர் என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட வராது. எனக்கென்னவோ இந்த மண்டலத்தின் பெரிய வேலையே தண்ணீர் வேலைதான் என்று படுகிறது. அதனால்தான் தலைப்பு இப்படி.

இடது பக்கத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள். நீல ஸ்கெட்ச் பேனாவில் போட்ட அம்புகள், குடலுக்குள் தண்ணீர் வரும் இடங்கள். சிவப்பு அம்புகள், அது ரத்தத்துக்குத் திரும்பிப் போகும் இடங்கள். ஒவ்வொரு நீல அம்பின் பக்கத்திலும் லிட்டர் எழுதியிருக்கிறேன். கூட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாமே பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகும் தோராயக் கணக்கு. நாம் குடிக்கிறதும் சாப்பாட்டோடு சேர்ந்து போவதுமாக முதலில் 2 லிட்டர்.

வாய்க்கு வருவோம். நாளைக்கு மத்தியானம் சாப்பிடும்போது குழம்பு ஊற்றாத வெறுஞ்சோறு ஒரு வாய் எடுத்து, ஒரு நிமிஷம் விழுங்காமல் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றில் இருக்கும் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. சீரணம் வயிற்றில்தான் தொடங்குது என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே, நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. இவை ஒரு நாளைக்குச் சுரப்பது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். நாம் துப்புவது இல்லை, விழுங்கிவிடுகிறோம். அதனால் கணக்கே தெரிவதில்லை.

விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழலை மூடிக்கொள்ளும். சாப்பிட்டுக்கொண்டே பேசினால் மூடி தாமதமாகி ஒரு பருக்கை மூச்சுப் பாதையில் எட்டிப்பார்க்கும். அதைத்தான் புரை ஏறுது, யாரோ நினைக்கிறாங்க என்கிறோம். நினைப்பது யாரும் இல்லை, பருக்கைதான். அப்புறம் உணவுக்குழல். சுமார் 25 செ.மீ. நீளம். சோறு இதில் சும்மா விழுவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கி அலை அலையாகத் தள்ளுகின்றன. மாடு தலையைக் கீழே குனிந்து தண்ணீர் குடிக்கிறதே, தண்ணீர் மேல்நோக்கி ஏறுவது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? அதே அலைதான்.

இரைப்பையில் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வேதியியல் நடக்கிறது. நம்ம ஊர் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் சிமெண்ட் ஆலையே இங்கு வந்தது. அந்தக் கல்லில் ஒரு சில்லை எடுத்து, ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். வெளியே வருவது கார்பன் டை ஆக்சைடு. அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் நம் இரைப்பையிலும் சுரக்கிறது. சாப்பிடாத நேரத்தில் அதன் பி.எச். 1.5-க்குக்கூட இறங்கும். நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது கால்சியம் கார்பனேட். நம்ம ஊர்க் கல்லில் இருக்கும் அதே பொருள். அதுக்காக யாரும் கல்லை நக்கிப் பார்க்க வேண்டாம்.

சரி, கல்லையே கரைக்கிற அமிலம் இரைப்பையைக் கரைக்காதா? கரைக்கும், விட்டால். வழவழப்பான கோழைப்படலம் ஒன்று உள்சுவர் முழுக்கப் பூசியிருக்கிறது. அதில் காரத்தன்மை உள்ள பைகார்பனேட்டும் சேர்ந்து அமிலத்தைச் சுவரில் படாமல் தடுக்கிறது. அப்படியும் மேல்தோல் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் படலம் ஓட்டையாகும் இடத்தில்தான் குடற்புண். காரம் தின்றால் அல்சர் வரும் என்று வீட்டில் திட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் சில வலி மாத்திரைகளும்தான். இதை நிரூபிக்க ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலை எடுத்துத் தானே குடித்தார்! இரைப்பையில் அழற்சி உண்டாகி வாந்தி வந்தது. 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசும் வந்தது.

இரைப்பைக்குள் என்ன நடக்குதுன்னு முதலில் கண்ணால் பார்த்தவர் வில்லியம் பியூமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் குண்டு பட்டது. ஆள் பிழைத்தார், ஓட்டை மட்டும் மூடவே இல்லை. பியூமாண்ட் அந்த ஓட்டை வழியாக இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டு, மணிக்கணக்கு வைத்து வெளியே இழுத்துப் பார்த்தார். 1833-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அறிவியலுக்கு லாபம்தான். அந்த இளைஞரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இரைப்பை நீர் சுமார் 2 லிட்டர். அதில் இருக்கும் பெப்சின் புரதத்தை உடைக்கிறது. இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் சாப்பாடு கேப்பைக்கூழ் பதத்துக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அங்கே இரண்டு வாய்க்கால் வந்து கலக்கின்றன. ஒன்று கல்லீரலிலிருந்து பித்தநீர், அரை லிட்டர். சோப்பு எண்ணெயைப் பிரிப்பதுபோல் இது கொழுப்பைச் சிறுசிறு துளியாகப் பிரிக்கும். இன்னொன்று கணைய நீர், ஒன்றரை லிட்டர். அமிலத்தை அடக்கப் பைகார்பனேட்டும், கொழுப்புக்கு லைப்பேஸும், புரதத்துக்கு டிரிப்சினும், மாவுச்சத்துக்கு அமைலேஸும் இதில் இருக்கின்றன. சிறுகுடலின் சுவரே சுரப்பது இன்னும் ஒன்றரை லிட்டர்.

இப்போது கூட்டுங்கள். 2, 1.5, 2, 0.5, 1.5, 1.5. மொத்தம் 9 லிட்டர்.

இதில் நாம் குடித்தது 2 லிட்டர்தான். மீதி 7 லிட்டர் எங்கிருந்து வந்தது? ரத்தத்திலிருந்து. பெரியவர் ஒருவரின் உடம்பில் ரத்தமே மொத்தம் சுமார் 5 லிட்டர்தான் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் ரத்தத்தை விட அதிகமான தண்ணீரை உடம்பு தினமும் குடலுக்குள் கொட்டுகிறது. கொட்டியதை மறுபடி எடுத்துக்கொள்கிறது. சீரணம் என்பது நீரில்தான் நடக்கும். அதற்காக உடம்பு தன் தண்ணீரையே கடன் கொடுத்துத் திரும்ப வாங்குகிறது. திரும்ப வாங்குவதில் சிறுகுடலின் பங்கு ஏழரை லிட்டர். மீதி ஒன்றரை லிட்டரைப் பெருங்குடல் பார்த்துக்கொள்ளும். கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். ஒரு டம்ளர்கூட இல்லை.

இவ்வளவையும் உறிஞ்ச இடம் வேண்டாமா? சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். உள்ளே மடிப்புகள், மடிப்பு மேல் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு செல்லின் மேலும் இன்னும் நுண்ணிய உறிஞ்சிகள். டர்க்கி டவலைத் தடவிப் பார்த்தால் ஓரளவு புரியும். இந்தப் பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல புத்தகங்களில் இருக்கிறது. 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சரியாக அளந்தபோது முழுக் குடலுக்கும் சேர்த்து சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது. பேட்மிண்டன் கோர்ட்டில் பாதிக்கும் குறைவு. வினாடி வினாவில் கேட்டால் டென்னிஸ் என்று சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீரைத் திரும்ப எடுப்பது எப்படி? தண்ணீரைத் தூக்கிப் போடும் மோட்டார் எதுவும் குடலில் இல்லை. உப்பு எங்கே போகிறதோ, தண்ணீர் பின்னாலேயே போகும். சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான். அதனால் குடல் முதலில் உப்பில் இருக்கும் சோடியத்தை உள்ளே இழுக்கிறது. சோடியம் உள்ளே போகப் பல வாசல்கள் உண்டு. அதில் ஒரு வாசல் விசித்திரமானது. சோடியம் தனியாக வந்தால் திறக்காது, குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் திறக்கும். இந்த ஜோடி வாசலை 1960-இல் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன். அப்போது யாருக்கும் இது பெரிய செய்தியாகத் தெரியவில்லை. இந்த வாசலை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்று இப்போது நீங்களே சொல்லலாம். கடன் போன தண்ணீர் திரும்பி வராமல் வெளியே ஓடுவது. காலரா கிருமி குடல் சுவரைக் கடித்துத் தின்பதில்லை. அது ஒரு நஞ்சை விடுகிறது. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற மருத்துவ விஞ்ஞானி, முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, கிருமியை நீக்கி வடிகட்டிய நீரை மட்டும் விட்டுப் பார்த்தார். அந்தப் பகுதி தண்ணீரால் உப்பியது. கிருமி இல்லாமலே! நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த நஞ்சு, குடல் செல்லில் உப்பை வெளியே விடும் மதகைத் திறந்து வைத்துவிடுகிறது. உப்பு போனால் பின்னாலேயே தண்ணீர். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரோட்டா வைரஸ் வேறு மாதிரி. அது குடலுறிஞ்சிகளின் நுனியையே சிதைத்துவிடும்.

போன கோடையில் எங்க அத்தை மகனுக்கு வயித்தால போக ஆரம்பித்தது. ஒன்றரை வயசு. காலையிலிருந்து எட்டு, ஒன்பது தடவை. எங்க அப்பாயி, "தண்ணி குடுக்காதீங்கடி, குடுக்கக் குடுக்க அப்படியே ஓடிப்போவுது, கொஞ்சம் காயட்டும்" என்று சொல்லிவிட்டது. கேட்கச் சரியாகத்தான் இருந்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் போகிறானே! மத்தியானத்துக்குள் புள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரலை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. பக்கத்துத் தெருவுக்கு வந்திருந்த நர்சம்மாவை அத்தை ஓடிப்போய்க் கூட்டிவந்தது. அவங்க பையிலிருந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாங்க. வாந்தி எடுத்தான். பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஊற்றினாங்க. அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நர்சம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னாங்க: "ஓடிப்போறது நீங்க குடுத்த தண்ணி இல்ல ஆயா. அவன் ரத்தத்துல இருந்த தண்ணி." சாயங்காலம் நாலரை மணிக்கு ஒன்னுக்கு போனான். அத்தை அதைப் பார்த்துத்தான் அழுதது.

அந்தப் பாக்கெட்டில் இருப்பதுதான் ஜோடி வாசலின் சாவி. காலரா நஞ்சு உப்பு மதகைத் திறந்துவிட்டாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை. ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் உள்ளே அனுப்பலாம். இதை உலகத்துக்குக் காட்டிய இடம் மேற்கு வங்காளத்தில் உள்ள பன்காவ். 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. தரையில் வரிசையாகப் படுத்திருந்த நோயாளிகளுக்கு மத்தியில் முட்டி போட்டுத்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் ஒரு முடிவு எடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. இதைக் கலந்து பெரிய டிரம்களில் ஊற்றிவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம், டம்ளர் போதும். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்றைக்கும் உலகில் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், ஐந்து வயது ஆவதற்குள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் பாக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். இப்போதைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 2002-இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியமைத்த அளவு. மொத்தம் 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5, சாப்பாட்டு உப்பு 2.6, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். சின்ன பாக்கெட்டும் விற்கிறது, அதன்மேல் எழுதியிருக்கும் தண்ணீர் அளவைப் பாருங்கள். பாதியைப் பிரித்துப் பாதியை மடித்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அது கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயசுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள் தருவார்கள். பேதி நின்றாலும் முழுசாகக் கொடுக்கணும். பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய டீஸ்பூனில் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நம்ம சர்க்கரை குடலில் உடைந்து பாதி குளுக்கோஸாகிவிடும், அதனால் வேலை செய்யும்.

ருசிக்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டால் என்ன? தண்ணீர் எப்போதும் கரைசல் கெட்டியாக இருக்கும் பக்கம் போகும். குடலுக்குள் பாகு மாதிரி இருந்தால் ரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்கு வந்து, பேதி கூடும். கூல்ட்ரிங்ஸும் இதே கதைதான். ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் போட்டுக்கொண்டு இனிப்புப் பானங்கள் டப்பாவில் விற்றுக்கொண்டிருந்தன. சரியான அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம். பிள்ளை குடிக்கவே முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ கரைசலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ரோட்டா வைரஸுக்கு இப்போது சொட்டு மருந்து இருக்கிறது. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தைச் சோதித்துப் பார்த்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் போடுவார்கள்.

கடைசியாகப் பெருங்குடல். ஒன்றரை மீட்டர் நீளம். படத்தில் பார்த்தால் சிறுகுடலுக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் ஊர் இது. சிறுகுடலில் உடையாமல் தப்பிவரும் மாவுச்சத்தை அவை புளிக்கவைத்து, சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. இதுவும் ஒரு வாசல்! வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணாவும் அவருடன் இருந்தவர்களும் இந்த வாசலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். காலரா வந்த 48 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெறும் கரைசல், ஒன்றுக்கு அரிசி மாவு கலந்தது, ஒன்றுக்கு எளிதில் சீரணமாகாத மக்காச்சோள மாவுச்சத்து கலந்தது. மூன்றாவது குழுவுக்குப் போக்கின் அளவும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழில் இது வெளியானது.

சோற்றை வடித்து ஆறவைத்தால் அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இப்படி எளிதில் உடையாத வகையாக மாறிவிடும். நம்ம பழைய சோற்றில் இருப்பது அதுதான். வேலூரில் கொடுத்தது பழைய சோறு இல்லை, அதனால் பேதிக்கு அதுவே மருந்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் அத்தை மகன் தேறிய மறுநாள், அப்பாயி உப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, "இதாவது குடுக்கலாமா?" என்று நர்சம்மாவிடம் கேட்டது. அரிசியும் உடைந்து குளுக்கோஸ்தான் ஆகும், தாராளமா குடுங்க என்றாங்க. அப்பாயி எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது.

படத்தில் பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் புழு மாதிரி தொங்குவது குடல்வால். அதைப் பற்றி எழுத இந்தத் தாளில் இடம் இல்லை. சிவப்பு அம்புகளைக் கூட்டிப் பார்த்து 9 வரலைன்னா மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து கேளுங்கள், வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.

– 10-ஆம் வகுப்பு, ஆ பிரிவு